அடக்கச் சடங்குப் புத்தகம் அச்சான கதை

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் என்னென்ன வேலைகள் நடக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியாததன்று. ஒருவர் பக்கத்துத் தோட்டங்களுக்குத் துக்கச் செய்தி சொல்லப் புறப்படுவார். இன்னொருவர் பெட்டிக்கு ஏற்பாடு செய்வார். நான்கு இளைஞர்கள் மண்வெட்டியோடு இடுகாட்டுக்குப் போவார்கள். இவையெல்லாம் ஆன பிறகு, "படிக்கிறவர் வந்துவிட்டாரா?" என்று ஒரு குரல் எழும். சைவக் குடும்பமென்றால் தேவாரமோ சிவபுராணமோ ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரை எதிர்பார்ப்போம். கத்தோலிக்கக் குடும்பமென்றால் கிள்ளானிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சாமியார் வரவேண்டும். அவர் வர இயலாத நாளில் உபதேசியார் வருவார். யார் வந்தாலும் கையில் ஒரு புத்தகம் இருக்கும். இன்றைய பேச்சு அந்தப் புத்தகத்தைப் பற்றியது.

அது எந்தச் சமயத்தாருடைய புத்தகம் என்பது இங்கே பெரிதன்று. சாவு வீட்டில் வாசிப்பதற்கென்றே அச்சான நூல்கள் மிகுதியாகப் பயன்பட்டவை. ஆனால் மிகக் குறைவாகவே மிஞ்சியவை. ஏன் அப்படி என்று பார்க்கப் போனால் அச்சுத் தொழிலின் கதையும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கதையில் தமிழருக்கு ஓர் இடம் உண்டு. நம்முடைய கோலாலம்பூருக்கும் உண்டு.

முதலில் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். பழைய சடங்குப் புத்தகம் எதைத் திறந்தாலும் ஒரே பக்கத்தில் இரண்டு நிறம் தெரியும். சில வரிகள் சிவப்பு, மற்றவை கறுப்பு. அழகுக்காகச் செய்தது என்று எண்ணிவிடக்கூடாது. கறுப்பில் இருப்பது வாயால் சொல்லவேண்டியது. சிவப்பில் இருப்பது கையால் செய்யவேண்டியது. "இங்கே தீர்த்தம் தெளிக்கவும்", "இங்கே தூபம் காட்டவும்", "இங்கே பெட்டியைத் தூக்கவும்" என்பன போன்ற கட்டளைகளெல்லாம் சிவப்பில் நிற்கும். அழுகைக்கும் கூட்டத்துக்கும் நடுவே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிப்பவருக்கு, எதைச் சொல்வது எதைச் செய்வது என்பதைக் கண் பார்த்தவுடனே பிரித்துக் காட்டவேண்டுமல்லவா? அதற்குத்தான் இரண்டு மை.

அந்தச் சிவப்பு வரிகளில் என்ன எழுதியிருந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1614-ஆம் ஆண்டில் ஐந்தாம் பவுல் என்னும் போப்பாண்டவர் காலத்தில் உரோமைச் சடங்கு நூல் வெளிவந்தது. ஏறக்குறைய 350 ஆண்டுகள் உலகெங்கும் கத்தோலிக்கரின் சவ அடக்கம் அந்த நூலை ஒட்டியே நடந்தது. கோயிலுக்குள் பெட்டியை வைக்கும்போது சாதாரண மக்களின் கால் பீடத்தை நோக்கியிருக்கவேண்டும் என்றும், குருவானவராக இருந்தால் தலை பீடத்தை நோக்கியிருக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. உயிரோடிருந்தபோது எந்தப் பக்கம் பார்த்து நின்றாரோ, செத்த பிறகும் அதே பக்கம்! சிறு குழந்தைகளுக்கு வேறு முறை. பெரியவர்களுக்குக் கறுப்பு உடை என்றால், ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு வெள்ளை உடை, பூ வைக்கலாம், துக்கப் பாட்டு இல்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பழைய தோட்டத்துத் தாய்மார்களை நினைத்தால், அந்தப் பக்கங்கள் எத்தனை முறை புரட்டப்பட்டிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விதியும் அதில் இருக்கிறது. பணமில்லாத ஏழை இறந்தால் காசு எதுவும் வாங்காமலே அடக்கம் செய்யவேண்டும். மெழுகுவர்த்திக்கு வழியில்லையென்றால் குருவானவர்களே தங்கள் கைப்பணத்தில் வாங்கி ஏற்றவேண்டும். இந்த விதி எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் காக்கப்பட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்தில் இருந்தது; அச்சில் இருந்தது. உரிமை ஒன்று அச்சில் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடு, சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இரண்டு நிறத்தில் எப்படி அச்சடித்தார்கள்? இன்றைக்கு இயந்திரம் ஒரே ஓட்டத்தில் பல வண்ணத்தையும் போட்டுவிடுகிறது. 400, 500 ஆண்டுகளுக்கு முன்பு அப்படியல்ல. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோத்து, பக்கமாக்கிச் சட்டத்தில் இறுக்குவார்கள். அதன்மேல் மை தடவித் தாளை வைத்து, மேலேயிருந்து ஒரு பலகையால் அழுத்தவேண்டும். அழுத்துவதற்குப் பெரிய மரத் திருகு. திராட்சை பிழியவும் எண்ணெய் பிழியவும் ஐரோப்பியர் வைத்திருந்த திருகையே அச்சுக்கும் மாற்றிக்கொண்டார்கள்.

சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் ஒரே தாளை இரண்டு முறை அழுத்தவேண்டும். தாளின் மேல் மூடும் சட்டத்தில் ஒரு காகிதத் தோலை ஒட்டி, சிவப்பு விழவேண்டிய இடங்களில் மட்டும் சன்னல் வெட்டுவார்கள். முதலில் அந்தச் சன்னல் வழியாகச் சிவப்பு. பிறகு சிவப்பு வரிகளின் எழுத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறும் துண்டுகளால் அடைத்து, மறுபடியும் அதே தாளில் கறுப்பு. தாள் ஒரு நெல் அளவு நகர்ந்தாலும் சிவப்பு வரி கறுப்பு வரியின் மேல் ஏறிவிடும். அக்காலத்தில் தாளை நனைத்துத்தான் அச்சடிப்பார்கள். ஈரத் தாளில்தான் மை நன்றாகப் பிடிக்கும். ஈரம் காய்ந்தால் தாள் சுருங்கும். ஆகவே சிவப்பு அடித்த தாள் காய்வதற்குள் கறுப்பையும் அடித்தாகவேண்டும். பால் உறைவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அவசரம் நமக்குப் பழக்கமானதுதான். ஏறக்குறைய அதே அவசரம். கறுப்பு மை ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி விளக்குக்கரி சேர்த்தது. சிவப்பு, சாதிலிங்கம் சேர்த்தது, விலை கூடியது. ஒரு நிறத்தில் மணிக்கு 200, 250 தாள் இழுக்கக்கூடிய இரண்டு ஆட்கள், இரண்டு நிறம் என்றால் பாதிக்கும் குறைவாகவே முடிப்பார்கள். இதனால் சடங்குப் புத்தகம் விலை கூடிய புத்தகமாயிற்று. குறைந்த படிகளே அச்சாயின.

இப்படிப்பட்ட ஒரு புத்தகத்தின் கதையை இப்போது சொல்லுகிறோம். கதை நடந்த இடம் ஜப்பான். ஆனால் வழி கோவா வழிதான்.

1582-இல் ஜப்பானிலிருந்து நான்கு இளம்பிள்ளைகள் தூதராக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களோடு துணையாகச் சென்ற ஜப்பானியர் சிலர் அங்கே அச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். திரும்பும்போது ஓர் அச்சுப்பொறியும் கப்பலில் வந்தது. கோவாவில் தங்கியிருந்த நாளில், 1588-இல், அங்கேயே ஒரு சிறு நூலை அச்சிட்டுப் பார்த்தார்கள். பிறகு மக்காவ். 1590-இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பொறி கடைசியாக நாகசாகி என்னும் துறைமுகப் பட்டணத்தில் நிலைபெற்றது. 1605-இல் அங்கே ஆயராக இருந்த லூயிஸ் செர்க்கெய்ரா என்பவர் தொகுத்த சடங்கு நூல் அதில் அச்சாயிற்று. சிவப்பும் கறுப்பும் கொண்ட புத்தகம். அது மட்டுமன்று, இசைக் குறிகளும் அதில் உண்டு. கோடுகள் சிவப்பு, சுரங்கள் கறுப்பு. மேலைநாட்டு இசைக் குறி ஜப்பானில் முதன்முதலாக அச்சானது அந்த நூலில்தான். மொத்தம் 19 பாட்டுகளுக்கு இசை கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை கல்யாணத்துக்கல்ல, திருநாளுக்கல்ல, சவ அடக்கத்துக்கு.

ஏன் அடக்கப் பாட்டுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கினார்கள்? அக்கால ஜப்பானில் ஏழைகளின் பிணத்தைச் சீந்துவார் குறைவு. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே மரியாதையோடு சிலுவை முன்னே போக, விளக்கு இருபுறமும் போக, பாட்டோடு அடக்கம் நடந்ததைப் பார்த்துத்தான் பலர் அந்த மதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று அங்கிருந்த போதகர்களே தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆக, அச்சடித்தவர்களுக்குத் தங்கள் புத்தகத்தின் எந்தப் பக்கம் அதிகம் புரளும் என்பது தெரிந்திருந்தது.

ஒன்பது ஆண்டுகள்தான் சென்றன. 1614-இல் ஜப்பானிய அரசு கிறிஸ்தவ மதத்தைத் தடை செய்தது. அச்சுப்பொறி மக்காவுக்குத் திரும்பிப் போயிற்று. கையிலிருந்த புத்தகம் உயிருக்கு ஆபத்தான பொருளாயிற்று. எரித்தார்கள், புதைத்தார்கள். அந்த நூலில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய படிகளே. ஒன்று தோக்கியோவில் சோபியா பல்கலைக்கழகத்து நூலகத்தில் இருக்கிறது.

புத்தகம் போனபின் அந்த மக்கள் என்ன செய்தார்கள்? நம்மை மிகவும் தொட்ட பகுதி இதுவே. சட்டப்படி ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்திருக்கவேண்டும். சாவு நடந்தால் பௌத்தத் துறவி வந்து ஓதவேண்டும். மறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள் அதற்கு உட்பட்டார்கள். ஆனால் கூடத்தில் துறவி ஓதிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த அறையில் சிலர் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே தங்கள் செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். புத்தகமில்லை, குருவானவரில்லை, பாட்டன் சொல்லிக்கொடுத்ததைப் பேரன் சொன்னான். இப்படி இருநூறு ஆண்டுகளுக்கு மேல்! இலத்தீன் சொற்கள் உருத்தெரியாமல் சிதைந்தன. வழக்கம் மட்டும் சிதையவில்லை.

1865-இல் பெத்தித்ஜான் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் நாகசாகியில் கட்டிய புதுக் கோயிலுக்குள் சிலர் வந்து, நாங்களும் உங்களைப் போன்றவர்கள்தாம் என்று மெல்லச் சொன்னார்கள். இரண்டே ஆண்டில், 1867-இல், உரக்காமி என்னும் ஊரில் அவர்கள் பௌத்தத் துறவியைக் கூப்பிடாமல் தங்கள் முறைப்படியே ஒரு சாவை அடக்கம் செய்தார்கள். அதிலிருந்து தொடங்கியது தொல்லை. 3,000-க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் வெவ்வேறு இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அங்கே 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1873-இல்தான் தடை நீங்கி, மிஞ்சியவர்கள் வீடு திரும்பினார்கள். செத்தவனுக்கு யார் எந்த வார்த்தையைச் சொல்வது என்பதற்காக ஓர் ஊரே பெயர்க்கப்பட்டது.

திரும்பியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். அவர்களுக்காகத் தெ ரோ என்னும் பிரெஞ்சுக் குருவானவர் படங்களைத் தயார் செய்தார். 1868-இல் அவரை ஜப்பானுக்கு அழைத்ததே அவருக்கு அச்சுத் தெரியும் என்பதற்காகத்தான். பெரிய மரப்பலகையில் செதுக்கி, தாளில் ஒற்றி, கையால் வண்ணம் தீட்டிய படங்கள். நல்லவன் சாகும் படுக்கை ஒரு படம், தீயவன் சாகும் படுக்கை ஒரு படம், உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்று, கடைசித் தீர்வை ஒன்று, நரகம் ஒன்று. பார்த்தவுடன் விளங்கும். அந்த மரப்பலகைகள் நாகசாகியில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

சாவைப் படமாக அச்சிடுவது அதற்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பாவில் வழக்கம். மரக்கட்டையில் செதுக்கிய படத்தை ஈய எழுத்தோடு ஒரே சட்டத்தில் இறுக்கி ஒரே அழுத்தில் அடிக்கலாம்; அதனால் செலவு குறைவு. செப்புத் தகட்டில் கீறிய படமென்றால் அது முடியாது. இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டையும் தாளையும் சேர்த்துத் தனியாக நெருக்கி இழுக்கவேண்டும். ரப்பர் ஷீட்டை உருளையில் விட்டு இழுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். 1499-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் அச்சான ஒரு படப் புத்தகத்தில், எலும்புக்கூடுகள் வந்து ஒவ்வொரு தொழில்காரரையும் கைபிடித்து இழுத்துப் போகின்றன. ஒரு படத்தில் அவை அச்சுக்கூடத்துக்குள் புகுந்து அச்சுக் கோப்பவரையும் அச்சடிப்பவரையும் பிடிக்கின்றன. அச்சுப்பொறி ஒன்றை வரைந்து காட்டும் மிகப் பழைய படம் அதுதான்! அச்சடித்தவர்கள் தங்களையே சாவோடு சேர்த்துப் படம் போட்டுக்கொண்ட துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். ஜப்பானுக்குப் போன அச்சுப்பொறி கோவாவில் இறங்கியதற்கு முன்பே தமிழ் எழுத்து அச்சேறிவிட்டது. கோவாவுக்கு அச்சுப்பொறி வந்தது 1556-இல். 1577-இல் அங்கே தமிழ் எழுத்து வார்த்தார்கள். அது திருப்தியாக வரவில்லை போலும். மறு ஆண்டில் கொல்லத்தில் வேறு எழுத்து வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கமே உள்ள சின்னப் புத்தகம். இந்திய மொழி எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அது. கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தையும் கொல்லத்து எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1580-இல் பாவசங்கீர்த்தன நூல், 1586-இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' என்று அடுத்தடுத்து வந்தன.

இவற்றின் பின்னால் இருந்தவர் என்றிக்கே என்றிக்கஸ் என்னும் போர்த்துக்கீசிய சேசுசபைத் துறவி. முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து தமிழ் கற்றவர். 1600-இல் இறந்தார், தூத்துக்குடியில் அடங்கியிருக்கிறார். அவருக்கு இருந்த நெருக்கடி நம் தோட்டத்து நெருக்கடிதான். ஊர்கள் பல, குருவானவர் சிலர். அவர் வராத நாளில் ஊரில் கணக்கப்பிள்ளை என்று ஒருவர் இருந்து செபம் சொல்லிக்கொடுப்பார். அவர் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும். அது தமிழில் இருக்கவேண்டும். சடங்கு இலத்தீனில், செபம் தமிழில் என்ற பாகுபாடு அப்போதே ஏற்பட்டுவிட்டது. அது கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வரை கப்பலேறி வந்தது.

இந்த நூல்களுக்கும் நாகசாகிப் புத்தகத்தின் கதியே நேர்ந்தது. 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு படி. பாவசங்கீர்த்தன நூல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ஒரு படி. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில். தமிழ்நாட்டில், அச்சான கரையோரத்தில், ஒன்றும் மிஞ்சவில்லை. தடை ஒன்றும் அங்கே இல்லையே, பின் ஏன்? பயன்பட்டுப் பயன்பட்டே அழிந்தன என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஐரோப்பாவுக்கு மாதிரிக்கென்று அனுப்பிய படி அலமாரியில் படிக்கப்படாமல் கிடந்தது, பிழைத்தது. கடற்கரையில் கைக்குக் கை மாறிய படி உப்புக்காற்றிலும் மழையிலும் கரையானிலும் கரைந்தது.

அந்தப் படிகளைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவரை நம் நாட்டு மூத்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள். 1950-களில் லிஸ்பனிலும் வத்திக்கானிலும் தேடி, இப்படி மறந்து கிடந்த தமிழ் அச்சு நூல்களைத் தமிழுலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவர் அவரே. அதே 1966-இல் அத்துறை ஒரு பழைய நூலை மறுபதிப்பாக வெளியிட்டது. புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அது. தொகுத்தவர் 1666-இல் இறந்துபோனார். நூலோ 1679-இல்தான் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சாயிற்று. வத்திக்கானில் இருந்த படியைக் கொண்டு, 287 ஆண்டு கழித்து, நம் தலைநகரில் அது மறுபிறவி எடுத்தது. ரப்பர் காட்டுக்கு வந்த தமிழன் என்று நம்மைப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

மலாயாவில் கத்தோலிக்கத் தமிழர்களுக்குக் குருவானவராக வந்தவர்களில் பலர் பாரிஸ் நகரத்து வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். நாகசாகியில் நாம் பார்த்த பெத்தித்ஜானும் தெ ரோவும் அதே சபையினர்தாம். அந்தச் சபையினர் சென்ற இடமெல்லாம் அச்சுக்கூடமும் வைத்தார்கள். புதுச்சேரியில் ஒன்று, முசே, துப்புய் என்னும் இருவர் தொகுத்த பெரிய தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-இல் தொடங்கி அங்கேதான் அச்சாயிற்று. ஹாங்காங்கில் நாசரேத்து அச்சகம். அது ஆசிய மொழிகள் பலவற்றில் நூல் அச்சிட்டு 1953-இல் மூடப்பட்டது. பினாங்கில் குருமடத்து அச்சகம் ஒன்று. கிள்ளான் லூர்து மாதா கோயில் 1928-இல் எழுந்த காலத்தில், சுற்று வட்டாரத் தோட்டங்களில் சாவு என்றால், குருவானவர் கையில் இலத்தீன் சடங்கு நூல். கூடியிருந்தவர் கையில் ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியில் வந்த தமிழ்ச் செபப் புத்தகம். அவர் இலத்தீனில் முடிப்பார். இவர்கள் தமிழில் செபமாலை சொல்வார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் பெட்டியருகே சொல்லப்பட்ட வார்த்தைகளில் ஒன்றும் புரியாது. ஆனால் எந்த இடத்தில் தீர்த்தம் விழும், எந்த இடத்தில் மண் போடவேண்டும் என்பது மட்டும் பழக்கத்தால் தெரியும்.

இது மாறியது 1960-களில். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டது. மக்கள் மொழிக்கு இடம் கொடுக்கவேண்டும். சவ அடக்கச் சடங்கில் உயிர்ப்பின் நம்பிக்கை தெளிவாகத் தெரியவேண்டும். நிறமும் அந்தந்த நாட்டு வழக்கத்துக்குப் பொருந்தவேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலையில், பிணத்தை எரிப்பதற்கு இருந்த தடையும் தளர்த்தப்பட்டது. 1969-இல் புதிய அடக்கச் சடங்கு நூல் வெளிவந்தது. கறுப்போடு ஊதாவும் வெள்ளையும் அனுமதிக்கப்பட்டன. துக்கத்துக்கு வெள்ளை என்பது நம் கண்ணுக்கு இயல்பானது. ஐரோப்பாவில் அன்று வெள்ளை, குழந்தைகளுக்கு மட்டும். தமிழ் வழிபாட்டு நூல்களைத் திண்டிவனத்தில் உள்ள நடுநிலையம் உருவாக்கியது. பெட்டியருகே சொல்லப்படும் வார்த்தைகள், 400 ஆண்டுகளுக்குப் பின், அழுகிறவர்களின் மொழியில் வந்தன.

நல்லது நடந்தது. ஆனால் நல்லது நடக்கும்போதும் ஒன்று தொலையும். பழைய இலத்தீன் புத்தகம் ஒரே நாளில் வேண்டாத பொருளாயிற்று. இரண்டு மையில் அச்சான, மெழுகு சொட்டிய, ஈரக் கைபட்டு ஓரம் கறுத்த புத்தகங்களை யார் எடுத்து வைக்கப் போகிறார்கள்? தமிழ்ச் செபப் புத்தகமும் புதுப் பதிப்பு வந்ததும் பரணுக்குப் போயிற்று.

அந்தப் பரணில் கிடக்கும் புத்தகத்தைப் பற்றித்தான் நேயர்களுக்குச் சொல்லவேண்டும். அதன் அட்டையின் உட்புறத்தையும் கடைசி வெள்ளைத் தாளையும் பாருங்கள். பல வீடுகளில் அங்கேதான் குடும்பத்துச் சாவுகளை எழுதி வைத்தார்கள். பெயர், தேதி, தோட்டத்தின் பெயர், டிவிஷன். பிறப்புப் பத்திரமும் சாவுப் பத்திரமும் கைக்கு வராத காலத்துக் குடும்பங்களுக்கு அதுவே பதிவேடு. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் சாலைக்கும் போய்விட்டன. அங்கே புதைத்த இடத்தில் நட்டது மரச் சிலுவை. மழைக்கு எத்தனை நாள் தாங்கும்? இடமும் போய், சிலுவையும் போன பிறகு, ஒரு பெயர் மிஞ்சியிருக்குமானால் அது அந்தத் தாளில்தான் மிஞ்சியிருக்கும்.

அந்தத் தாளோ நெடுநாள் தாங்காது. பழங்காலத்துத் துணிக்கூழ்த் தாள் 400 ஆண்டு இருந்தது. 1850-க்குப் பிறகு வந்த மரக்கூழ்த் தாளில் புளிப்புத் தன்மை தங்கியிருப்பதால், அது தானே பழுத்து, விரல் பட்டால் ஒடியும். மடிப்பு விட்டுப்போன பக்கத்தைப் பசை நாடாவால் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளையே தின்னும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பூக்கும். சுத்தமான வெள்ளைத் துணியில் சுற்றி, தரைக்கு மேலே, சுவரை ஒட்டாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு, பக்கங்களைப் புரட்டிவிடுங்கள். இராமபாணப் பூச்சி இருட்டில் அசையாமல் கிடக்கும் தாளைத்தான் விரும்பும்.

எழுதியிருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அதோடு விடாமல், வீட்டிலுள்ள மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பெயரும் யார், யாருடைய மகன், எந்தத் தோட்டத்து இடுகாடு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தின் மேலேயே பேனாவால் எழுதவேண்டாம். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்து, அடக்கம் கோயில் வழியாக நடந்திருந்தால், அந்தப் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டிலும் ஒரு வரி இருக்கக்கூடும். பதிவேட்டில் தேடித் தரக் கேட்கும்போது இறந்தவரின் பெயர், தகப்பன் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்றும் வேண்டும். பழைய பதிவேடுகளில் இலத்தீனில் எழுதுவது வழக்கமாதலால் அந்தோணி என்பது அந்தோனியுஸ் என்றும், மரியாள் என்பது மரியா என்றும் இருக்கும். தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வைத்துத்தான் அது நம் ஆள் என்று கண்டுகொள்ளவேண்டும்.